போக ஒன்றேகால் மணி, திரும்ப ஆறரை மணியா?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமான பிறகு டவுனுக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்கு 74 வயது. பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். வரும் ஆடி மாதம் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு அவரை அழைத்துப் போகிறோம். சென்னை டிக்கெட்தான் மலிவு, தூரமும் குறைவு என்று அண்ணன் பார்த்து வைத்திருக்கிறார். காலை 9.05க்குக் கோலாலம்பூரில் புறப்பட்டு 10.25க்குச் சென்னை. அங்கிருந்து நண்பகல் 12 மணிக்குத் திருச்சிக்கு வேறொரு விமானம், அது தனி டிக்கெட். திரும்பும்போது சென்னையில் காலை 11.30க்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்குக் கோலாலம்பூர். போகும்போது ஒரு மணி இருபது நிமிடம், வரும்போது ஆறரை மணி நேரம் எப்படி? பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் திரும்பும் விமானம் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்கிறார் அண்ணன். இணையத்தில் தூரத்தைத் தேடினால் ஒரு இடத்தில் 2,630, இன்னொன்றில் 1,634, மற்றொன்றில் 1,420 என்று வருகிறது. பறக்கும் நேரம் மூன்று மணி பத்து நிமிடம் என்றும் போட்டிருக்கிறார்கள். இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான் என்று அம்மா சாதிக்கிறார். நடுக்கடலில் எண்ணெய் தீர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டார். எதை நம்புவது?
– சுங்கை சிப்புட் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 12 மணி விமானத்துக்கு மட்டும் பணம் கட்ட வேண்டாம் என்று உங்கள் அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது. இடையில் யாராவது அவசரப்பட்டு டிக்கெட்டை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் மணிக்கணக்கு. டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். மலேசியக் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் ஓடுகிறது. இந்தியக் கடிகாரம் ஐந்தரை மணி முன்னால். ஆக இரண்டுக்கும் இடையே இரண்டரை மணி நேரம். அம்மா தம் கைக்கடிகாரத்தைத் தொடாமல் விமானத்தில் ஏறினால், சென்னையில் இறங்கும் 10.25க்கு அது பகல் 12.55 காட்டும். 9.05 முதல் 12.55 வரை, 3 மணி 50 நிமிடம். அதே கடிகாரத்தோடு திரும்பினால், சென்னையில் 11.30க்குப் புறப்படும்போது அதில் மதியம் 2 மணி. இறங்குவது 6 மணிக்கு. அப்படியென்றால் 4 மணி நேரம். நீங்கள் பயந்த ஐந்து மணி நேர வித்தியாசம் பத்தே நிமிடமாகச் சுருங்கிவிட்டது பாருங்கள்.

அம்மா சொல்லும் இரண்டு மணி நேரக் கணக்கு ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 கடைசி வரை உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணிதான் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்று அரசு முடிவு செய்து, 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளியது. 1982 புத்தாண்டு அரை மணி முன்னதாகவே பிறந்தது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பு தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் இரண்டு மணி என்றுதான் சொல்லுவார்கள். சூரியனைக் கேட்டால் அதுவும் அம்மா பக்கம்தான் சாய்ந்து பேசும். உங்கள் ஊருக்குச் சூரியன் உச்சிக்கு வருவது நம் கடிகாரத்தில் பகல் ஒன்றேகால் மணிக்கு. விடியாத இருட்டில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற தோட்டத்து மக்களுக்கு, 1982 ஜனவரியில் அந்த இருட்டு இன்னும் அரை மணி நீண்டது. அதைப் பற்றி அப்போது அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அண்ணனின் பூமிச் சுழற்சி விளக்கத்தைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பூமி சுழலும்போது அதன்மேல் இருக்கும் காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கும் அந்த வேகம் ஏற்கெனவே உண்டு. விமானம் பறப்பது அந்தக் காற்றுக்குள்ளேதான் என்பதால் துரத்துவதற்கும் பிடிப்பதற்கும் எதுவும் இல்லை. பூமி ஓடிவந்து ஊரைக் கொண்டுவந்து கொடுக்கும் என்றால், ஹெலிகாப்டரில் ஏறி அந்தரத்தில் நின்றுகொண்டே சென்னைக்குப் போய்விடலாமே!

ஆனால் காற்று நகர்கிறது. அந்தப் பத்து நிமிட வித்தியாசத்தில் அதற்குப் பங்கு உண்டு. விமான நிறுவனம் ஒன்றின் இயக்கப் பிரிவில் ஒவ்வொரு பயணத்துக்கும் பாதையும் எரிபொருளும் கணக்கிடுவதுதான் என் தொழிலாக இருந்தது. பணிக்கு வந்ததும் முதலில் விரிப்பது காற்று வரைபடத்தைத்தான். கோலகங்சாரில் பேராக் ஆற்றில் படகு ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே துடுப்பு, ஒரே கை வலு, ஆனால் நீரோட்டத்தோடு போனால் கரை ஓடிவரும், எதிர்த்துப் போனால் நகராது. விமானத்தின் வேகம் என்று சொல்வது காற்றுக்குள் அது ஓடும் வேகம். தரைக்கு மேல் எவ்வளவு வேகம் என்பதைக் காற்று தீர்மானிக்கும்.

பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே வரும் விமானம்தான் சீக்கிரம் வரும் என்று படித்திருப்பீர்கள். ஐரோப்பா, ஜப்பான் பக்கம் அது உண்மை. அங்கே மேல்வானத்தில் மேற்குக் காற்று ஓயாமல் ஓடுகிறது. நம் பாதை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே கதை வேறு. அதுவும் நீங்கள் போகும் ஆடி மாதத்தில் நேர் எதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை திபெத்துப் பீடபூமியின் மேலிருக்கும் காற்று வெயிலில் சூடேறிக் கிடக்கும். தெற்கே இந்தியப் பெருங்கடலின் மேல் அந்த அளவுக்குச் சூடு இருக்காது. இந்த வெப்ப வித்தியாசத்தால் தென்னிந்தியாவின் மேல்வானத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பலத்த காற்றோட்டம் உருவாகிறது. இதை இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1958-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். இந்தக் காற்றின் மையம் ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். பயணி விமானம் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் அதன் முழு வேகத்தில் மாட்டாது, அடிவிளிம்பில் உரசிக்கொண்டு போகும். எனவே ஆடியில் சென்னைக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும்.

ஒரு பேச்சுக்கு, வழி நெடுகக் காற்றின் வேகம் மணிக்கு 50 கி.மீ. என்று வையுங்கள். விமானத்தின் வேகம் 840. போகும்போது தரைக்கு மேல் 890 ஆகும், 2,630 கிலோமீட்டரை மூன்று மணிக்குச் சற்றுக் குறைவாகக் கடந்துவிடும். திரும்பும்போது 790, மூன்று மணி இருபது நிமிடம் பிடிக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறதே, டிக்கெட்டில் பத்து நிமிடம்தானே என்பீர்கள். அட்டவணை என்பது ஒரு நாள் காற்றை வைத்துப் போடுவதல்ல. பல மாதங்களுக்குப் பொதுவாக ஒரு நேரத்தைப் போட்டு, தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டு வைப்பார்கள். அதனால்தான் சில நாள் விமானம் கால் மணி முன்னதாக வந்து இறங்கி, விமானி ஒலிபெருக்கியில் பெருமையாக அறிவிக்கிறார். அந்தப் பெருமையில் பாதியாவது அட்டவணை போட்டவருக்குச் சேர வேண்டும்.

இணையத்தில் பார்த்த மூன்று மணி பத்து நிமிடமும் டிக்கெட்டின் 3 மணி 50 நிமிடமும் இங்கேதான் முட்டிக்கொள்கின்றன. தூரத்தை வேகத்தால் வகுத்து இணையம் சொல்வது, சிப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சென்னை வரை ஒரே சீராக, முழு வேகத்தில், நேர்கோட்டில் பறந்தால் ஆகும் நேரம். எந்த விமானமும் அப்படிப் பறப்பதில்லை. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கும் கட்டையை எடுத்த நிமிடம் முதல், சென்னையில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரையிலான நேரத்தைத்தான் டிக்கெட் சொல்கிறது. வாயிலிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் வரிசையில் காத்திருப்பது, மெதுவாக உயரம் ஏறுவது, சென்னையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துச் சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். வங்காள விரிகுடாவில் பருவமழை மேகங்கள் கோபுரம்போல் எழும்பி நிற்கும் நாளில் விமானி அவற்றை விலகிச் சுற்றிப் போவார். நான் அறிந்தவரை எந்த விமானியும் நேரத்தை மிச்சம் பிடிக்க இடிமேகத்துக்குள் நுழைவதில்லை.

2,630, 1,634, 1,420 மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது சாதாரண மைல், கடைசியில் இருப்பது கப்பலிலும் விமானத்திலும் பயன்படும் கடல்மைல். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

அந்த நேர்கோட்டை அம்மாவுக்கு உலக வரைபடத்தில் விரலால் காட்டுங்கள். சிப்பாங்கில் எழும்பி, மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்திராவின் ஆச்சே கரையை ஒட்டிச் சென்று, கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனையை உரசாத குறையாகக் கடந்து, பிறகு சென்னை வரும்வரை வெறும் கடல். இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் மேகம் இல்லாத காலையில் ஆச்சேயின் மலைகள் தெரியக்கூடும். அம்மாவின் பெற்றோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்களாக இருந்தால், ரஜூலா என்ற பெயர் அவர் காதில் நிச்சயம் விழுந்திருக்கும். 1926-இல் ஓடத் தொடங்கி எழுபதுகள் வரை நம்மவர்களை ஏற்றிவந்த அந்தக் கப்பலுக்கு ஒரு வாரம் போல ஆன கடல்தான் கீழே கிடக்கிறது.

எண்ணெய் தீருமா என்ற கேள்விக்கு வருவோம். சென்னை வரை போதும் என்று அளந்து ஊற்றுவதில்லை. போகும் வழிக்கான எரிபொருள், அதற்கு மேல் எதிர்பாராத செலவுக்கென வழக்கமாக நூற்றுக்கு ஐந்து பங்கு, சென்னையில் இறங்க முடியாமல் போனால் பெங்களூர் போன்ற மாற்று நிலையத்துக்குப் போய்ச்சேரத் தேவையானது, அங்கேயும் வானத்தில் அரை மணி சுற்றுவதற்கானது, எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. அந்தக் கடைசி அரை மணிக்கான எண்ணெயைத் தொடும் நிலை வந்தாலே விமானி அவசரநிலை அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அம்மா நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி நான் முதலில் சொன்ன விஷயம். வானத்தில் ஆகும் நேரத்தை நிமிடக் கணக்கில் ஆராய்கிற நாம், தரையில் ஆகும் நேரத்தைக் கோட்டை விட்டுவிடுகிறோம். 10.25 என்பது சென்னையில் விமானம் நிற்கும் நேரம், நீங்கள் வெளியே வரும் நேரமல்ல. கதவு திறந்து, 74 வயது அம்மாவோடு நடந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி வரக் காத்திருந்து, சுங்கத்தைத் தாண்டி, உள்நாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி பெட்டியைப் போட்டு, மறுபடி சோதனைக்கு நிற்க வேண்டும். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுன்ட்டரைப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே மூடிவிடுவது வழக்கம். அதாவது 11 மணி. உங்களிடம் இருப்பது 35 நிமிடம். தனித்தனி டிக்கெட் என்பதால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். புது டிக்கெட் உங்கள் செலவு. இப்படி வெளிநாட்டு விமானத்திலிருந்து உள்நாட்டுக்கு மாறுகிறவர்களிடம் நான்கு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அதைவிட நல்ல வழி இருக்கிறது. புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் ஏன் சென்னையில் இறங்க வேண்டும்? கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் உண்டு. அண்ணன் சொன்னதுபோல் தூரத்தில் சென்னைதான் குறைவு, அதில் தவறில்லை. திருச்சி தெற்கே இருப்பதால் நமக்குப் பக்கம் என்று தோன்றும், ஆனால் சென்னையைவிட மேற்கே தள்ளி இருப்பதால் வான்வழி 2,690 கிலோமீட்டர் வருகிறது. சென்னையைவிட 60 கிலோமீட்டர் கூட. பறப்பதில் அது ஐந்து நிமிடக் கணக்கு. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்துவிட்டு, சென்னையிலிருந்து சாலையில் புதுக்கோட்டைக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் போவது எந்த ஊர்க் கணக்கு? திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. 2024 முதல் புது முனையமும் இயங்குகிறது. வெளியே வந்து காரில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுக்கோட்டை. டிக்கெட் விலை சில நூறு வெள்ளி கூடவே இருந்தாலும், உள்நாட்டு விமானக் கட்டணமும் அம்மாவின் முழங்காலும் மிச்சம்.

ஆடி மாதம் திருச்சி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் பினாங்கைப் பாருங்கள். பினாங்குக்கும் சென்னைக்கும் நேரடிச் சேவை 2024 டிசம்பரில் தொடங்கியது. அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வான்வழி 2,370 கிலோமீட்டர்தான். அதைவிட முக்கியம், உங்கள் வீட்டிலிருந்து பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் போவது சிப்பாங் போவதில் பாதித் தூரம். 9.05 விமானத்துக்காகச் சிப்பாங்கில் காலை 6 மணிக்கு நிற்க வேண்டுமென்றால், சுங்கை சிப்புட்டிலிருந்து 300 கிலோமீட்டர் வருகிறவர்கள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்காவது காரில் உட்கார வேண்டும். அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை. சென்னை போய்ச் சேரும்போது அம்மாவுக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு பதினொரு மணி நேரம் ஆகியிருக்கும். அதில் விமானம் எடுத்துக்கொண்டது நான்கு மணிகூட இல்லை. பினாங்கு வழியாகப் போனால், சென்னையில் பகலில் ஓய்வெடுத்து, இராமேஸ்வரம் செல்லும் இரவு ரயிலில் படுத்துக்கொண்டே புதுக்கோட்டை போய்விடலாம். அந்த ரயில் டிக்கெட்டையும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

எதில் போனாலும், சக்கர நாற்காலி வேண்டும் என்று குறைந்தது இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். நடக்க முடிகிறதே என்று அம்மா மறுப்பார். குடிநுழைவு வரிசையைக் காட்டினால் ஒப்புக்கொள்வார். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், பயண நாளில் வேளையை எப்படிப் பிரிப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் போகும் நாள் அவருக்கு இருபத்தாறரை மணி நேரமாக நீளும், திரும்பும் நாள் இருபத்தொன்றரை மணி நேரமாகக் குறையும். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை அடியில் போகும் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

திரும்பும் நாளில் உங்களை அழைக்க வரும் காரை 7 மணிக்கு வரச்சொல்லுங்கள். டிக்கெட்டில் 6 மணி என்று இருப்பதைப் பார்த்து ஐந்தரைக்கே வந்து நின்றுகொண்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று வானத்தில் பறக்கும் உங்களுக்கு அவர் வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருக்கப் போகிறார்.